கையெழுத்தை என் மேசையில் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனம் சரியில்லை என்றால் தயங்காமல் உளவியல் ஆலோசகரிடம் போங்கள் என்று தங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல காரியம். அப்படிப் போகிறவர்களுக்கு வாசலில் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவள். ஒரு மனநல ஆலோசனை மையத்தில் வரவேற்பாளர். தொலைபேசியை எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, கட்டணம் வாங்குவது, பயிற்சி ஆலோசகர்களுக்கான பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வது எல்லாம் என் வேலை. புதிதாக வருகிறவர்களிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதும் என் வேலைதான். இந்தக் கடைசி வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

முதல் தடவை வருகிறவர்களைப் பார்த்தால் தெரியும். தெரிந்த முகம் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுவரோர நாற்காலியாகப் பார்த்து உட்காருவார்கள். அந்த நிலையில் இருப்பவரிடம் நான்கு பக்கத் தாளை அட்டையில் செருகி, பேனாவோடு நீட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் முதல் மூன்று பக்கங்களைத் தொடுவதே இல்லை. "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்பதுதான் கேள்வி. படிக்க உட்காருகிறவர்களுக்கும் கண் ஒரே வரியில் நின்றுவிடுகிறது. பல நாள் தூக்கமில்லாமல், நெஞ்சு படபடக்க வந்திருக்கிறவருக்கு அதற்கு மேல் என்ன முடியும்? படித்தாலும்தான் என்ன? எங்கள் படிவத்திலிருந்து ஒரு வாக்கியம்: "சட்டத்தால் அனுமதிக்கப்பட்ட அல்லது கோரப்படும் சூழ்நிலைகள் நீங்கலாக, சேவை பெறுபவரால் வெளிப்படுத்தப்படும் தகவல்களின் ரகசியத்தன்மை பேணப்படும்." இதைத் தட்டச்சு செய்தவளே நான்தான். மறுபடி ஒரு முறை படித்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

அந்த நான்கு பக்கங்களிலும் உயிரான வாக்கியம் இதுதான் என்பது இன்னும் கொடுமை. "நீங்கள் சொல்வதை வெளியே சொல்ல மாட்டோம், ஆனால் சில சமயங்களில் சொல்ல வேண்டி வரும்" என்பதைத்தான் அது இப்படிச் சுற்றி வளைக்கிறது. எந்தச் சமயங்கள் என்பது நாட்டுக்கு நாடு, சட்டத்துக்குச் சட்டம் மாறும். பொதுவாக, வந்தவரின் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருக்கும்போது, குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரியவரும்போது, நீதிமன்றம் உத்தரவிடும்போது. இதை ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு "இதை நான் மேலே தெரிவித்தாக வேண்டும்" என்றால், வந்தவருக்கு அது துரோகமாகத்தான் படும்.

இந்த விதிவிலக்கு ஒன்றும் வக்கீல்கள் பொழுதுபோகாமல் சேர்த்தது அல்ல. பாடக் குறிப்புகளில் நான் அடிக்கடி தட்டச்சு செய்யும் ஒரு வழக்கு உண்டு. 1969-இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தான் விரும்பிய பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன்னுடைய சிகிச்சையாளரிடம் சொல்கிறார். சிகிச்சையாளர் வளாகக் காவலர்களுக்குத் தகவல் கொடுக்கிறார். அவர்கள் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ யாரும் எதுவும் சொல்லவில்லை. டாட்டியானா டராசாஃப் என்ற அந்தப் பெண் கொல்லப்பட்டார். பெற்றோர் தொடர்ந்த வழக்கில், ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று எந்த ஊர்ப் படிவத்தில் "பிறர் உயிருக்கு ஆபத்து" என்ற வரி வந்தாலும் அதன் பின்னால் இந்தப் பெண்ணின் நிழல் இருக்கிறது.

ஆனால் அந்த வரியைப் படித்து மிரளுகிறவர்கள் பெரும்பாலும் பிறரைக் கொல்ல நினைக்கிறவர்கள் அல்ல. தான் செத்துவிடலாமா என்று நினைத்தவர்கள். ஒருவர் என்னிடமே கேட்டார், கண்ணாடித் தடுப்பின் அந்தப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி: "செத்துப் போகலாம் என்று தோன்றியதைச் சொன்னால் வீட்டுக்குப் போன் செய்துவிடுவீர்களா?" பின்னால் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன சொல்ல? எண்ணம் வருவது வேறு, உடனடியாக உயிருக்கு ஆபத்து என்ற நிலை வேறு. சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்பதும் பேசுவதும் ஆலோசகரின் அன்றாட வேலை. எண்ணம் வந்தது என்று சொன்ன மாத்திரத்தில் யாரும் தொலைபேசியைத் தூக்குவதில்லை. இதெல்லாம் வருடக்கணக்காக இங்கே உட்கார்ந்ததில் எனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. சொல்லும் இடமும் அது அல்ல. "உள்ளே போய் அவரிடமே கேளுங்கள்" என்றேன். அவர் கேட்டாரா, அல்லது கேட்க வேண்டாம் என்று அதை மட்டும் விழுங்கிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அந்தக் கேள்வி என் மேசைக்கு வந்ததே தவறு என்பதுதான் என் வாதம்.

அடுத்தது, யாரும் பொருட்படுத்தாத ஒரு கட்டம்: "அவசரத் தொடர்புக்கு". பெயர், உறவு, தொலைபேசி எண். இந்த ஒரு கட்டத்தில் பேனா நிற்பதைப் போல வேறெங்கும் நின்று நான் பார்த்ததில்லை. ஓர் இளம்பெண் "தந்தை" என்று எழுதினார். அடித்தார். "தோழி" என்று எழுதினார். பிறகு அடித்த இடத்தின் மேலேயே கிறுக்கிக் கிறுக்கி, "தந்தை" என்ற எழுத்தே தெரியாதபடி கறுப்பாக்கினார். எந்த நிலைமையில் அந்த எண்ணை அழைப்போம், அழைத்தால் எவ்வளவு சொல்வோம் என்று படிவத்தில் ஒரு வரி இல்லை. யாருக்குத் தெரியக் கூடாது என்று வந்திருக்கிறாரோ அவருடைய எண்ணையே கேட்கிறோம், காரணம் சொல்லாமல். இது சம்மதமா?

தொலைபேசி பற்றி நான் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பேசுகிறவளே நான்தான். நேரத்தை நினைவூட்ட அழைப்பேன். வீட்டில் வேறு யாராவது எடுத்து "நீங்கள் யார்? எங்கிருந்து?" என்பார்கள். மையத்தின் பெயரைச் சொன்னால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் "யாரோ ஒரு பெண் கூப்பிட்டாள், பெயர்கூடச் சொல்லவில்லை" என்று அங்கே வேறு ரகளை தொடங்கும். குறுஞ்செய்தி இன்னும் மோசம். பூட்டிய திரையிலேயே வரி தெரிகிறது. உங்களை எந்த எண்ணில், எந்த நேரத்தில், எப்படி அழைக்கலாம்? வேறு யாராவது எடுத்தால் நாங்கள் யார் என்று சொல்லட்டுமா, சொல்லாமல் வைத்துவிடட்டுமா? இந்த இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். படிவம் ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. இப்போது ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்து நானே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. "உங்களுக்கும் உங்கள் ஆலோசகருக்கும் இடையே மட்டும்" என்று படிவத்தின் முதல் பக்கத்தில் அழகாகப் போட்டிருக்கிறது. எனக்கு யார் வருகிறார் என்று தெரியும். எந்த ஆலோசகரிடம், வாரம் எத்தனை முறை, யார் அழுது கொண்டு வெளியே வந்தார் என்று தெரியும். கணக்கு பார்ப்பவருக்குப் பெயர்கள் தெரியும். ஆலோசகர் தன் மேற்பார்வையாளரிடம் வந்தவரின் பிரச்சினையை விவாதிப்பார். அது சரியான முறை, அவசியமும்கூட. குறிப்புகள் கணினியில் ஏறுகின்றன. அதைப் பராமரிக்க ஒருவர் இருக்கிறார். காப்பீட்டில் பணம் கோரினால் நோயின் பெயர் அங்கே போகிறது. இவை எதுவும் ஒளிக்க வேண்டிய விஷயம் அல்ல. எல்லா இடத்திலும் இப்படித்தான். ஆனால் "இடையே மட்டும்" என்று எழுதிவிட்டு, அந்தத் தாளை மூன்றாவது ஆளான என் கையாலேயே கொடுக்க வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படிவத்தில் தடித்த எழுத்தில் இருப்பது ஒரே ஒரு பத்திதான். முன்கூட்டிச் சொல்லாமல் அமர்வைத் தவறவிட்டால் கட்டணம் உண்டு என்ற பத்தி. அது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

சரி, சிகிச்சை என்றால் என்ன, எந்த முறை, எத்தனை காலம், வேறு வழிகள் உண்டா? எங்கள் படிவத்தில் இதற்கு இரண்டு வரி. இதையெல்லாம் பேசாமல் விட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கதை இருக்கிறது. ரஃபேல் ஓஷரோஃப் என்பவர் சிறுநீரக மருத்துவர். கடும் மனச்சோர்வு. 1979-இல் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். ஏழு மாதம் பேச்சு வழிச் சிகிச்சை மட்டும், மருந்து கிடையாது. நிலைமை மோசமானது. வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே மருந்து கொடுத்தார்கள்; மூன்றே மாதத்தில் தேறி வீட்டுக்கு வந்தார். வந்தவர் முதல் மருத்துவமனை மீது வழக்குத் தொடர்ந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது, தீர்ப்பு வரவில்லை. பேச்சு பெரிதா மருந்து பெரிதா என்று மனநல மருத்துவர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டுக் கொண்டார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. ஏழு மாதத்தில் ஒரு நாளாவது யாராவது உட்கார்ந்து, "இது ஒரு வழி, அது இன்னொரு வழி, இரண்டிலும் நன்மை தீமை இவை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒழுங்காகப் பேசியிருந்தால் விஷயம் வழக்கு வரை போயிருக்குமா? எனக்கு அதுதான் கேள்வி.

பேச்சுதானே, பேசினால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உளவியல் சிகிச்சை பெற்ற 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு 2016-இல் வெளியானது. ஏறக்குறைய இருபதில் ஒருவர், சிகிச்சையால் தமக்கு நீடித்த பாதிப்பு ஏற்பட்டதாகச் சொன்னார். மீதிப் பேர் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், வாசகர்கள் யாரும் பயந்து நின்றுவிடக் கூடாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. தமக்கு எந்த வகைச் சிகிச்சை தரப்பட்டது என்றே தெரியாதவர்கள் பாதிப்பை அதிகம் சொல்லியிருந்தார்கள். தொடங்கும் முன்பு போதுமான தகவல் கிடைத்தது என்றவர்கள் குறைவாகச் சொல்லியிருந்தார்கள். இதைத் தட்டச்சு செய்த அன்று மேசை மேல் கிடந்த படிவக் கட்டைப் பார்த்தேன். நோயின் கதையைத் திறக்கத் திறக்க முதலில் சில வாரம் மனம் இன்னும் கனக்கலாம் என்ற ஒரு சாதாரண விஷயம்கூட அதில் இல்லை. அது தெரியாமல், "எனக்கு முன்னைவிட மோசமாகிவிட்டது" என்று என்னிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு வராமலே போனவர்கள் உண்டு.

வராமல் போவது அவர்கள் உரிமை. அதுவும் பலருக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டால் பாதியில் விட முடியாது என்று நினைக்கிறார்கள், ஏதோ கடன் பத்திரம் போல. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆலோசகரை மாற்றிக் கேட்கலாம், சிகிச்சையில் செய்யச் சொல்லும் ஏதாவது ஒன்றை மட்டும் வேண்டாம் என்று மறுக்கலாம். பயிற்சியில் இருக்கும் ஆலோசகர் என்றால் அதை வந்தவருக்குச் சொல்ல வேண்டும், பொறுப்பாளர் யார் என்ற பெயரையும் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பிலேயே இருக்கிறது. நம்மிடம் வருகிறவர் "இவர் டாக்டரா?" என்று என்னைத்தான் கேட்கிறார்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் சிக்கல். பதினைந்து வயதுப் பையன். தாயார் படிவத்தை நிரப்புகிறார், தாயார் கையெழுத்துப் போடுகிறார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். சட்டப்படி சரி. ஆனால் உள்ளே போய்ப் பேசப் போகிறவன் அவன். அவன் சொல்வதில் எது அம்மாவுக்குப் போகும், எது போகாது என்று மூன்று பேரும் சேர்ந்து முதல் நாளே பேசி முடிவு செய்யாவிட்டால், அவன் பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் பேசப் போவதில்லை. கணவன் மனைவியாக வருகிறவர்களுக்கும் இதே கதைதான். ஒருவர் ஆலோசகரைத் தனியாக அழைத்து ஒன்றைச் சொன்னால், அது மற்றவரிடம் மறைக்கப்படுமா, மறைக்கப்படாதா? சில ஆலோசகர்கள் "நான் யாருடைய ரகசியத்தையும் சுமக்க மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லாத ஆலோசகர்களிடம் வந்த தம்பதியர் என் மேசை முன்னாலேயே சண்டை போட்டிருக்கிறார்கள்.

நிர்வாகம் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். ஐம்பது நிமிட அமர்வில் பத்து நிமிடம் இதற்குப் போனால் மீதி என்ன மிஞ்சும் என்பது ஒன்று. நாளைக்கு வழக்கு என்று வந்தால் கையெழுத்து காப்பாற்றும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்துக்கு என் அனுபவமே பதில். படிக்காமல் போட்ட கையெழுத்து, கையில் பேனா இருந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. முதல் காரணம் கொஞ்சம் நியாயமானது. ஒப்புதல் வாங்கும் முறை, அறுவைச் சிகிச்சை வழக்குகளிலிருந்தும் மனிதர்கள் மீது நடந்த மருத்துவ ஆய்வு வழக்குகளிலிருந்தும் வளர்ந்து வந்தது. அறுவைச் சிகிச்சை என்றால் காரியம் ஒரு நாளில் முடியும். ஒப்புதலும் ஒரு நாளோடு முடியும். இங்கே சிகிச்சை வாரம் வாரம் உருவம் மாறுகிறது. தூக்கம் வரவில்லை என்று வந்தவர் மூன்றாம் மாதம் சின்ன வயதில் நடந்த ஒரு கொடுமையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அப்போது முறை மாறும், ஆபத்தும் மாறும். முதல் நாள் கையெழுத்து அதற்கும் சேர்த்தா? அப்போது மறுபடி கேட்க வேண்டாமா? ஆக, பத்து நிமிடத்தை முதல் நாளே முழுக்கச் செலவழிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தேவை வரும்போதெல்லாம் செலவழிக்கலாம். மிகவும் உடைந்து போய் வந்தவரிடம் அன்றைக்குத் தாளே நீட்ட வேண்டாம். ரகசியத்தின் எல்லையை மட்டும் வாயால் சொல்லிவிட்டு முதலில் ஆளைக் கவனியுங்கள்.

1988-இல் ஹேண்டெல்ஸ்மேன், கால்வின் என்ற இரு அமெரிக்கர்கள் இதற்கு எளிய உபாயம் ஒன்றை எழுதினார்கள். வருகிறவர் கையெழுத்துப் போடும் வாக்கியங்களுக்குப் பதிலாக, வருகிறவர் ஆலோசகரைக் கேட்கக்கூடிய கேள்விகளின் பட்டியலைக் கொடுப்பது. உங்கள் முறை எப்படி வேலை செய்யும்? இதில் எனக்கு என்ன கெடுதல் வரலாம்? எத்தனை காலம் ஆகும்? பலன் இல்லை என்று எனக்குத் தோன்றினால் என்ன செய்வது? வேறு என்ன வகைச் சிகிச்சைகள் இருக்கின்றன? வேண்டியதைக் கேட்கலாம், வேண்டாததை விடலாம். எங்கள் மையத்திலும் மூத்த ஆலோசகர் ஒருவர் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார். அவரிடம் வருகிறவர்களுக்கு நான் படிவம் கொடுப்பதில்லை. அவரே உள்ளே வைத்திருக்கிறார். அமர்வின் கடைசியில்தான் கையெழுத்து, சிலருக்கு இரண்டாவது அமர்வில். அங்கிருந்து கோப்பில் சேர்க்க வரும் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறிகள் இருக்கும், ஒரு வரிக்குக் கீழே அடிக்கோடு இருக்கும், ஒரு பத்தி முழுக்க அடிக்கப்பட்டு இரண்டு பேரின் சுருக்கொப்பமும் இருக்கும். நான் வாங்கிக் கொடுக்கும் தாள்கள் எல்லாம் கடையிலிருந்து வந்தது போலச் சுத்தமாக இருக்கின்றன, கடைசிப் பக்கத்தைத் தவிர.

வாசகர்களுக்கு: உங்களிடம் என்னைப் போன்ற ஒருத்தி அட்டையும் பேனாவும் நீட்டினால், "உள்ளே பேசிவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்த எண்ணுக்கு அழைக்கக் கூடாது என்பதையும் எங்களிடம் சொல்லிவிடுங்கள். அதை மட்டும் எங்கள் மேசையிலேயே சொல்லலாம்.

ஆசிரியர் அவர்களே, இதை வெளியிடுவதானால் என் பெயரையும் மையத்தின் பெயரையும் போட வேண்டாம். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. இங்கே வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியும். படித்தால் தங்கள் கதையைத்தான் எழுதிவிட்டேனோ என்று பதறுவார்கள். மேலே சொன்ன சம்பவங்களில் ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் இதற்கு ஒப்புதல் வாங்க எனக்கு வழியில்லை.

இப்படிக்கு,
ஒரு மனநல ஆலோசனை மையத்தின் வரவேற்பாளர்